ஃபைபர் கிளாஸ் ஃபினை வீட்டில் செய்யலாமா, எத்தனை அடுக்குப் போட வேண்டும்?

கோமாரியில் இருக்கும் தம்பி கேட்டது சுருக்கமாக இதுதான். அலையில் சறுக்கும் (சர்ஃப்) பலகை, பழைய மூன்று ஃபின் வகை, ஒன்று கைக்கு வந்திருக்கிறது. ஃபின் என்பது பலகையின் அடியில் பின்பக்கம் நிற்கும் துடுப்பு. வலப்பக்க ஃபின் அறுகம் குடா மெயின் பாயிண்டில் கல்லில் பட்டு உடைந்துவிட்டது. புது செட் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. போட் கடையில் விற்கும் ரெசினையும் (இறுகும் பிசின்) மேட்டையும் (கண்ணாடி நார் விரிப்பு) வைத்து ஒன்று செய்யலாமா, எத்தனை அடுக்குப் போட வேண்டும், இல்லாவிட்டால் கரையில் கிடக்கும் உடைந்த ஃபைபர் போட்டில் ஒரு துண்டை வெட்டியே காரியத்தை முடித்துவிடலாமா?

கேள்வி அடுக்கைப் பற்றி இருந்தாலும் அவர் மனதில் இருப்பது வேறு என்று நினைக்கிறேன். கையால் செய்த ஒன்று, தொழிற்சாலையில் வந்த மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் நின்று ஒத்துப்போகுமா என்பதுதான் அது. அடுக்குக் கணக்கை ஒரே வரியில் சொல்லிவிடலாம். இரண்டாவதுக்குத்தான் இவ்வளவு நீளம் எழுத வேண்டியிருக்கிறது.

நான் வேலை பழகியது கல்முனைப் பக்கம் ஒரு போட் பட்டறையில். சுனாமிக்குப் பிறகு கரை முழுக்க ஃபைபர் போட் கட்டிய காலம் அது. எனக்கு வேலை பழக்கிய ஓடாவியார் மரத்தோணி கட்டி வளர்ந்தவர், ரெசினை அவர் வயதான பிறகுதான் தொட்டார், ஆனால் தொட்ட விதத்தில் ஒரு ஒழுங்கு இருந்தது. அதற்குப் பிறகு பல வருடமாக சீசனுக்கு சீசன் அறுகம் குடா உல்லையில் பலகை பழுதுபார்க்கிறேன். ஆகவே ரெசின், துணி பற்றிச் சொல்வது முறையாகப் பழகியது. ஃபினைச் சீவி வடிவம் எடுப்பது பற்றிச் சொல்வது, பல ஃபின்களைப் பாழாக்கிப் படித்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம்.

முதலில் அடுக்கு. உங்கள் ஃபின் அடியில் ஆறு, ஆறரை மில்லிமீட்டர் தடிப்பு இருக்கும், உடையாமல் இருப்பதை அளந்து பாருங்கள். சதுர மீட்டருக்கு 200 கிராம் வரும் மெல்லிய நெய்த கண்ணாடித் துணி, ரெசின் குடித்த பிறகு ஓர் அடுக்குக்கு 0.2 முதல் 0.25 மில்லிமீட்டர் தரும். பலகைக்காரர்கள் ஆறு அவுன்ஸ் துணி என்று சொல்வது இதைத்தான். அப்படியானால் 28 முதல் 30 அடுக்கு. நீண்ட பலகைக்கு ஒற்றை ஃபின் என்றால் ஒன்பது, பத்து மில்லிமீட்டர் வேண்டும், 40 அடுக்கைத் தாண்டும்.

போட் கடையில் சுலபமாகக் கிடைப்பது இந்தத் துணி அல்ல. வெட்டிய நார் ஒட்டிய மேட்டும், பாய் போல தடிப்பாக நெய்த ரோவிங்கும்தான் அங்கே சுருள் சுருளாக நிற்கும். 450 கிராம் மேட் ஒன்று ஒரு மில்லிமீட்டர் தருவதால், ஆறு ஏழு அடுக்கில் வேலை முடிந்துவிடும் என்று ஆசை வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். மேட் தன் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ரெசின் குடிக்கும். நெய்த துணி ஏறக்குறைய தன் எடை அளவுதான் குடிக்கும். ஃபினுக்குப் பலம் தருவது நார், ரெசின் அல்ல. மேட்டில் நார் துண்டு துண்டாக எல்லாத் திசையிலும் கிடக்கிறது, துணியில் அடியிலிருந்து நுனிவரை அறுபடாமல் ஓடுகிறது. மேட் மட்டும் போட்டுச் செய்த ஃபின் அடியோடு படீரென்று போகும். நான் செய்த முதல் இரண்டும் அப்படித்தான் போயின. துணி கிடைக்கவே இல்லையென்றால் 600 கிராம் ரோவிங்கையும் 300 கிராம் மேட்டையும் மாற்றி மாற்றி நாலைந்து சோடி போடலாம், பலம் போதும். ஆனால் சீவும்போது தடித்த நெசவு வெளியே வரும், ஊசித்துளைகள் தெரியும். இன்னொரு நட்டமும் உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

துணியையும் ரெசினையும் அடுக்கி ஓர் அடிக்கு ஓர் அடி தட்டையான பேனல் போட்டால் பக்க ஃபின் நாலு வெட்டலாம். 30 அடுக்குக்குத் துணி ஏறக்குறைய 540 கிராம், ரெசின் 600 கிராம் அளவில் போகும். ஜன்னல் கண்ணாடி ஒன்றை மட்டமான மேசையில் வைத்து, ரெசின் ஒட்டாமலிருக்க மோல்ட் வெக்ஸ் நாலைந்து தரம் பூசித் துடைத்து, அதன்மேல் போட வேண்டும். துணிகளை முன்னரே வெட்டி, எண்ணி, அடுக்கி வையுங்கள். கையில் ரெசின் பட்ட பிறகு கத்தரிக்கோலைத் தொட்டால் கத்தரிக்கோல் அன்றோடு சரி.

ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னர் கணக்கில்தான் நம் பக்கத்தில் அதிகம் பேர் அடிபடுவது. ரெசினின் எடையில் ஒரு வீதம் முதல் இரண்டு வீதம் வரை என்று டப்பாவில் இருக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில், நடுப்பகலில், ஒரு வீதத்துக்கு மேல் போகாதீர்கள். 150 கிராம் ரெசினுக்கு ஒன்றரை மில்லிலீட்டர், மருந்துக்கடையில் வாங்கும் சிரிஞ்சில் அளந்து விடுங்கள். மூடியால் ஊற்றுவது, கண்மதிப்பில் சொட்டுவது எல்லாம் பெரிய போட்டுக்குச் சரிவரும், இதற்குச் சரிவராது. மாரியில் மேகமூட்டமான நாளில் ஒன்றரை வரை போகலாம். சூடாக இருக்கிறதே என்று ஒரு வீதத்துக்கும் கீழே இறங்கினால் அது எப்போதும் முழுதாக இறுகாது, நகத்தால் கீறினால் கீறு விழும்.

அப்புறம், முப்பது அடுக்கையும் ஒரே மூச்சில் போடாதீர்கள். ரெசின் இறுகும்போது சூடு கக்கும். தடிப்பாக இருந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளே சேர்ந்துகொள்ளும். நான் ஒருமுறை அவசரத்தில் மொத்தமாகப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது பேனல் கையில் பிடிக்க முடியாத சூடு, நடுவில் மஞ்சள் பூத்து வெடிப்பு, ஓரம் முறுக்கி அப்பளம் மாதிரி. கீழே வைத்த கண்ணாடியும் போயிற்று. பத்து, பன்னிரண்டு அடுக்குப் போட்டு, அது ஜெல்லியாகி, சூடு தணிந்து கைக்கு இதமாக வந்த பிறகு அடுத்த பத்து. வெக்ஸ் கலக்காத ரெசின் மேலே பிசுபிசுப்பாகவே நிற்கும், அது பழுது அல்ல. அன்றைக்கே அடுத்த அடுக்கைப் போட்டால் இரண்டும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். நாள் கடந்துவிட்டால், அல்லது வெக்ஸ் கலந்த ரெசின் என்றால், 80 சாண்ட் பேப்பரால் தேய்த்துவிட்டுத்தான் மேலே போட வேண்டும்.

கடைசி அடுக்குக்கு மேலே வெக்ஸ் பூசிய இன்னொரு கண்ணாடி, அதன்மேல் நாலைந்து செங்கல். ரெசின் ஓரத்தால் வழியும், வழியட்டும். பால் வெள்ளையாகத் தெரியும் இடமெல்லாம் காற்று அல்லது ரெசின் குடிக்காத துணி. சிறிய ரோலரால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே வந்திருந்தால் இது குறைவாக இருக்கும். இரண்டு மூன்று நாள் அசையாமல் கிடக்கட்டும், ஒரு கிழமை பொறுக்க முடிந்தால் இன்னும் நல்லது. பச்சையாக எடுத்துச் சீவினால் பேப்பரில் அடைத்துக்கொள்ளும், பேனலும் மெல்ல மெல்ல வளையும்.

ஆபத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஹார்ட்னர், அதாவது எம்ஈகேபி, கண்ணில் ஒரு துளி பட்டாலும் பார்வை போகலாம். கண்ணாடி போடாமல் அந்தப் போத்தலைத் திறக்கக் கூடாது. பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரெசினை வாங்கும்போது, இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட் கலந்ததா என்று கேளுங்கள். கலக்காதது என்றால் ஊதா நிறத்தில் தனியாக ஒரு போத்தல் தருவார்கள். அதை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் ஹார்ட்னர் விடலாம். கோபால்ட்டும் ஹார்ட்னரும் நேருக்கு நேர் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். இரண்டுக்கும் ஒரே சிரிஞ்சைப் பயன்படுத்துவதும் அதே தவறுதான். மிச்ச ரெசினைக் கோப்பையோடு வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள், புகைக்கத் தொடங்கும். சீவும் தூசுக்கு நல்ல மாஸ்க், நீளக்கைச் சட்டை, காற்றுக்கு முதுகு காட்டி நிற்பது, முடிந்த பிறகு குளிர்ந்த தண்ணீரில் குளிப்பது. அந்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் தோய்க்கப் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

சரி, இனி விஷயத்துக்கு வருவோம். உடைந்தது ஒன்று என்றாலும் இரண்டு செய்யுங்கள். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

காரணம் இது. மூன்று ஃபின் பலகையில் நடு ஃபின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உப்பியிருக்கும். பக்க ஃபின் அப்படி அல்ல. பலகையின் நடுவைப் பார்க்கும் பக்கம் தட்டை, வெளிப்பக்கம் மட்டும் விமானச் சிறகு போல வளைவு. இடதும் வலதும் ஒன்றுக்கொன்று கண்ணாடியில் தெரியும் பிம்பம், இடம் மாற்றிப் போட முடியாது. இடப்பக்க ஃபினை வைத்து அச்சு எடுத்து ஊற்றலாமே என்று சிலர் கேட்பார்கள். ஊற்றினால் இன்னொரு இடப்பக்க ஃபின்தான் வரும். ஆகவே தொலைந்த பக்கத்துக்குக் கையால் சீவுவதைத் தவிர வழியில்லை. கையால் சீவியது எவ்வளவு நன்றாக வந்தாலும் தொழிற்சாலை ஃபினின் வளைவு அப்படியே வராது. சில தொழிற்சாலை ஃபின்களில் உட்பக்கம்கூட மெல்லிய குழிவு வைத்திருப்பார்கள், அதைக் கிரைண்டரால் எடுக்க முயல்வது வீண். ஆனால் ஒரே கையால், ஒரே பேனலில், ஒரே நாளில் சீவிய இரண்டு ஃபின்கள் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும். தண்ணீருக்கு வேண்டியது அதுதான். இரண்டும் ஒரே அளவு பிழையாக இருந்தால் பலகை நேரே போகும், ஒன்று சரி ஒன்று பிழை என்றால் இழுக்கும்.

நம் கரையில் இது இன்னும் சீக்கிரம் தெரியும். மெயின் பாயிண்ட், பொத்துவில் பாயிண்ட், விஸ்கி பாயிண்ட் எல்லாமே சவாரி செய்பவருக்கு வலப்பக்கம் ஓடும் அலை. வலப்பக்கம் போகும்போது பலகையின் வல விளிம்புதான் அலைச்சுவரில் பதிந்திருக்கும், பாரமெல்லாம் வல ஃபின்னில். நீங்கள் உடைத்ததும் அந்த வலதுதான். அதில் செய்த பிழை முதல் அலையிலேயே காலில் தெரியும். இடது ஃபின்னின் பிழை, திரும்பி நுரைப்பக்கம் வளைக்கும்போதுதான் வெளியே வரும்.

வெட்டுவதற்கு முன் உங்கள் இட ஃபினை மேசையில் வைத்து அதன் அடியைப் பாருங்கள். பலகையில் பதித்த பெட்டிக்குள் போகும் இரண்டு கால் வைத்த பழைய எஃப்சிஎஸ் வகை என்று நினைக்கிறேன். பக்க ஃபின்கள் பலகையில் நிமிர்ந்து நிற்பதில்லை, சில பாகை வெளியே சாய்ந்திருக்கும். சில முறைகளில் அந்தச் சாய்வைப் பலகையில் பதித்த பெட்டியிலேயே வைத்திருப்பார்கள், சிலதில் ஃபினின் காலில். கால் ஃபினோடு ஒரே நேரில் இருந்தால் தட்டைப் பேனலில் நேரே வெட்டலாம். கால் சற்றே முறித்துவிட்டது போல ஒரு கோணத்தில் இருந்தால், அந்த இடத்தில் மட்டும் இரு பக்கமும் கூடுதலாகச் சில அடுக்குப் போட்டுத் தடிப்பாக்கி, பிறகு கோணத்துக்கு அரத்தால் எடுக்க வேண்டும். பொறுமை சோதிக்கும் வேலை அது. காலின் தடிப்பும் இடைவெளியும் அரை மில்லிமீட்டர் தவறினாலும் உள்ளே போகாது, அல்லது உள்ளே ஆடும். இதற்கு மட்டும் வேர்னியர் அளவுகோல் கடன் வாங்கியாவது அளக்க வேண்டும்.

வெளிக்கோட்டை வரைந்து, மெல்லிய பல் உள்ள இரும்பு வெட்டும் பிளேட்டை ஜிக்சோவில் போட்டு, கோட்டுக்கு வெளியே இரண்டு மில்லிமீட்டர் விட்டு இரண்டு துண்டு வெட்டுங்கள். இரண்டையும் இருபக்க டேப்பால் முதுகோடு முதுகு ஒட்டி, ஒன்றாகவே ஓரத்தைத் தேய்த்துக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். பிரித்தெடுத்தால் இரண்டின் உருவமும் ஒன்றே. டேப் ஒட்டிய பக்கத்தில் உடனே பெரிதாகத் 'தட்டை' என்று எழுதி அடையாளம் போடுங்கள். இரண்டுக்கும் ஒரே பக்கத்தைச் சீவி இரண்டு இடது செய்துவிட்டவர்கள் உண்டு. யாரென்று கேட்காதீர்கள்.

இப்போது வளைவு. முன் விளிம்பிலிருந்து பின் விளிம்புவரை உள்ள அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு பின்னால் வந்தால் அங்கேதான் ஃபின் ஆகத் தடிப்பாக இருக்க வேண்டும். அந்தப் புள்ளிகளை அடியிலிருந்து நுனிவரை பென்சிலால் இணைத்தால் ஒரு முதுகெலும்பு கிடைக்கும். பின் விளிம்பில் தட்டைப் பக்கத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் மேலே ஒரு கோடு போடுங்கள். முதல் வேலை நுனியை மெலிதாக்குவது. அடியில் முழுத்தடிப்பு, நுனியில் இரண்டு மில்லிமீட்டர் அளவு, இடையில் சீரான சரிவு. இரண்டாவது, முதுகெலும்பிலிருந்து பின் விளிம்புக் கோடுவரை ஒரு நீண்ட சரிவு. மூன்றாவது, முதுகெலும்பிலிருந்து முன் விளிம்புக்குக் குட்டையான உருண்ட சரிவு. நாலு அங்குலக் கிரைண்டரில் 40 அல்லது 60 ஃப்ளாப் டிஸ்க் போட்டால் முரட்டு வேலை அரை மணியில் முடியும். டிஸ்க் ஓரிடத்தில் நிற்கக் கூடாது, நின்றால் குழி விழும், ரெசின் கருகும்.

ஒரு ஃபினை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடாதீர்கள். இடதில் நுனியைச் சரித்தால் உடனே வலதிலும் நுனி. இடதில் பின் சரிவு, வலதில் பின் சரிவு. முடித்த ஒன்றைப் பார்த்து மற்றொன்றைச் செய்யும்போது கை எப்போதும் ஒரு படி கூடுதலாகவோ குறைவாகவோ போய்விடும், ஏன் என்று தெரியாது. ஓடாவியார் தோணிக்கு இருபக்கமும் பலகை ஏற்றும்போதும் இப்படித்தான் செய்வார், ஒரு பக்கத்தை மட்டும் உயர்த்தவே மாட்டார்.

இனித்தான் முப்பது அடுக்கின் பயன். சீவச் சீவ, வெட்டுப்பட்ட ஒவ்வொரு அடுக்கின் விளிம்பும் மேற்பரப்பில் ஒரு கோடாகத் தெரிய ஆரம்பிக்கும். கோடைகாலத்தில் குளம் வற்ற வற்றக் கரையில் நீர் விட்டுப்போகும் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள், அச்சொட்டாக அதேதான். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் உயர வித்தியாசம் ஓர் அடுக்கு, கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. கோடுகள் நெருங்கியிருந்தால் சரிவு செங்குத்து, விலகியிருந்தால் தட்டை. ஒரு கோடு நெளிந்தால் அந்த இடத்தில் மேடு அல்லது பள்ளம். ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். இரண்டு ஃபினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடதில் ஏழாவது கோடு எங்கே வளைகிறதோ வலதிலும் அங்கே வளைகிறதா என்று பாருங்கள். எந்தக் கருவியும் இல்லாமல் கால் மில்லிமீட்டர் பிழையைக் கண் பிடித்துவிடும். மேட்டிலும் ரோவிங்கிலும் செய்தால் வரும் நட்டம் என்று மேலே சொன்னது இதைத்தான். அங்கே எட்டு ஒன்பது அடுக்குத்தான், கோடுகள் கரடுமுரடு, வழிகாட்டாது. நடு ஃபின்னும் பிறகு ஒருநாள் செய்ய நினைத்தால், அடுக்குகளின் நட்ட நடுவில் ஓர் அடுக்குக்கு மட்டும் கறுப்புச் சாயம் கலந்து போடுங்கள். இரு பக்கமும் சமமாகச் சீவினால் அந்தக் கறுப்புக் கோடு ஓரம் முழுக்க நடுவிலேயே ஓடும், விலகினால் எந்தப் பக்கம் அதிகம் எடுத்தீர்கள் என்று அதுவே சொல்லிவிடும்.

கோடுகள் சீரான பிறகு கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டு, ரப்பர் கட்டையில் சுற்றிய 80, பிறகு 120, 220. முன் விளிம்பை உருண்டையாக விடுங்கள். கத்தி போலக் கூராக்கினால் வேகம் வரும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் தண்ணீர் எப்போதும் நேரே முன்னால் வருவதில்லை. பலகை திரும்பும்போது சாய்வாக வரும், கூரான விளிம்பில் அது ஒட்டாமல் பிரிந்து போய்விடும், ஃபின் திடீரென்று பிடி விடும். பின் விளிம்பு மெல்லியதாக, ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும். அதையும் சவர அலகு ஆக்காதீர்கள். பேபி பாயிண்டில் பழகும் பிள்ளைகள் நடுவே உங்கள் பலகை தனியே உருளப் போகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பின் விளிம்பு தடிப்பாக, சதுரமாக நின்றால் இன்னொரு வேடிக்கை நடக்கும், ஃபின் பாடும். என்னுடைய முதல் உருப்படியான ஃபின் விஸ்கி பாயிண்டில் வேகம் எடுத்தவுடன் ங்ஙீ என்று ரீங்காரம் போட்டது, காலுக்குக் கீழே நடுக்கம் வேறு. விளிம்பின் இரு பக்கமும் தண்ணீர் மாறி மாறிச் சுழன்று கழலுவதால் வரும் சத்தம் அது. கரைக்கு வந்து 120 பேப்பரால் பின் விளிம்பை ஒரு பக்கம் சற்றுச் சரித்துவிட்டேன், அடுத்த அலையில் வாயை மூடிக்கொண்டது.

கடைசியாக, வெளியே தெரியும் நாரை மூடுவதற்கு வெக்ஸ் கலந்த ரெசினைத் தூரிகையால் மெல்லியதாக ஒரு பூச்சு, காய்ந்த பிறகு தண்ணீர் தொட்டு 320, 400. அதற்கு மேல் கண்ணாடி போல மினுக்குவதா வேண்டாமா என்பது சண்டை. மினுக்கினால் வேகம் என்பார் ஒருவர், மங்கலாக விட்டால்தான் தண்ணீர் ஒட்டும் என்பார் இன்னொருவர். இரண்டு மாதிரியும் ஓடிப் பார்த்தேன், என் காலுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

சந்தேகமான மற்ற விஷயங்களையும் சொல்லிவிட வேண்டும். ஃபின் எவ்வளவு வளைந்து கொடுக்க வேண்டும் என்பதில் ஆளுக்கொரு கருத்து. 1960களில் அமெரிக்கரான ஜோர்ஜ் கிரீனோ சூரை மீனின் வாலைப் பார்த்து, அடி தடித்து நுனி மெலிந்து வளையும் ஃபின் செய்தார், நீண்ட ஒற்றை ஃபின்னில் அதன் பயன் தெளிவாகத் தெரிகிறது. நாலரை அங்குலப் பக்க ஃபின்னில் அந்த வளைவு எவ்வளவு வேலை செய்கிறது என்பதை யாராவது உறுதியாகச் சொன்னால் நான் கொஞ்சம் தள்ளி நின்றுதான் கேட்பேன். ஆகத் தடிப்பான இடம் 30 வீதத்தில் இருக்க வேண்டுமா 40 வீதத்திலா என்பதும் அப்படியே. ஃபின்னே ஆரம்பத்தில் இருந்து வந்ததல்ல. 1935இல் டொம் பிளேக் ஒரு வேகப்படகின் அடிக்கட்டையைக் கழற்றிப் பலகையில் பூட்டிப் பார்த்தார். நம் பலகையில் இருக்கும் சம அளவு மூன்று ஃபின் முறையை அவுஸ்திரேலியரான சைமன் ஆண்டர்சன் 1980இல் தன் பட்டறையில் செய்தார், அடுத்த வருடம் அதிலேயே பெரிய போட்டிகளை வென்றார். எல்லாம் கையால் வெட்டிப் பார்த்து வந்தவை. ஆகவே உங்கள் இட ஃபினின் வெளிக்கோட்டை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், புதுக் கோலம் போட வேண்டாம், ஆனால் வளைவில் கை கொஞ்சம் முன்னே பின்னே போனால் கவலைப்படவும் வேண்டாம்.

என் எல்லையும் இருக்கிறது. கார்பன் துணியில் நான் செய்ததில்லை. அடி முழுவதும் ஒரே நீளக் காலாக வரும் ஃபியூச்சர்ஸ் வகை இரண்டோ மூன்றோதான் செய்திருக்கிறேன், அதில் ஒன்று ஆடியது. ஃபினைப் பலகையோடு சேர்த்தே ஒட்டிவிடலாமா என்று பிறகு யோசித்தால், முதலில் பலகையின் உள்ளே என்ன நுரை என்று பாருங்கள். வெள்ளை மணிமணியான தெர்மோகோல் நுரை என்றால் நம் போட் ரெசின் பட்ட இடமெல்லாம் உருகிப்போகும், அதற்கு எப்பொக்சி என்ற வேறு வகை ரெசின்தான். எப்பொக்சியோடு மேட் போடவும் கூடாது, மேட்டின் நாரைப் பிடித்திருக்கும் பசை போட் ரெசினில்தான் கரையும்.

பலத்தைப் பற்றி ஒரு கருத்து, இது என் சொந்தக் கருத்து. காலை இரும்பு மாதிரி ஆக்காதீர்கள். மெயின் பாயிண்ட் கல்லில் மறுபடி படத்தான் போகிறது. கால் உடைந்தால் இன்னொரு ஃபின் செய்யலாம். கால் உடையாமல் நின்றால் பலகையில் பதித்த பெட்டி பிடுங்கிக்கொண்டு வரும், தண்ணீர் உள்ளே போகும், பிறகு அந்தப் பலகையை என்னிடம் கொண்டுவருவீர்கள், அதற்கு ஆகும் செலவில் ஒரு செட்டே வாங்கியிருக்கலாம்.

உடைந்த போட்டில் துண்டு வெட்டுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். போட்டின் சுவர் மேட்டும் ரோவிங்கும், தடிப்பு இடத்துக்கு இடம் மாறும், தட்டையாகத் தெரிந்தாலும் வளைவு இருக்கும், வருடக்கணக்கில் வெயில் குடித்த ரெசின் மாவாகியிருக்கும். கடலுக்கு அதைக் கொண்டுபோக வேண்டாம். ஆனால் கை பழக அதைவிட மலிவான பொருள் இல்லை. சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டு நாலைந்து துண்டு வெட்டி, சோடி சோடியாகச் சீவிப் பாருங்கள். மூன்றாவது சோடியில் கை பிடிபடும், அதற்குப் பிறகு நல்ல துணியை வாங்குங்கள். அதுவரை மிச்சமிருக்கும் இட ஃபினைப் பலகையிலிருந்து கழற்றி, அதன் சிறு திருகுகளோடு ஒரு பையில் கட்டி வீட்டில் வையுங்கள். அளவுக்கு அது ஒன்றுதான் இருக்கிறது.